அம்பேத்கரை முதல் வாரமே படித்திருக்க வேண்டும்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்கு இரண்டு விருப்பத் தாள்கள் இருந்தன. ஒன்று மொழிபெயர்ப்பு. இன்னொன்று பாலினம், பாலியல்பு பற்றிய கோட்பாடுகள். மொழிபெயர்ப்பு எடுத்தால் வேலை கிடைக்கும் என்று வகுப்பில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் இரண்டாவதை எடுத்தேன். இளங்கலை படித்த கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. நூலகத்தில்கூட தனித்தனி மேசை. ஏன் இப்படி என்று அங்கே யாரிடமும் கேட்க முடிந்ததில்லை. கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இந்தத் தாளுக்கு வந்தேன்.

செமஸ்டர் முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. அடுத்த வருடம் இதை எடுக்கப்போகிறவர்கள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: கஷ்டமா, எதைப் படிக்கணும், வீட்டில் என்ன சொல்வது என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிலபஸ் கால வரிசையில் இருந்தது. பிரெஞ்சுப் பெண்ணியர் சிமோன் த பூவா எழுதியது 1949, அமெரிக்க மானுடவியலாளர் கேல் ரூபின் 1975, பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1976, அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1980, அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லர் 1990. எல்லாம் முடிந்த பிறகு ஐந்தாவது அலகாக ‘இந்தியச் சூழல்’. அதில் சாதியையும் பாலினத்தையும் சேர்த்து எழுதிய உமா சக்கரவர்த்தி, ஷர்மிளா ரெகே, கடைசியாக அம்பேத்கர். அம்பேத்கரின் ‘இந்தியாவில் சாதிகள்’ (Castes in India) கட்டுரை 1916-ல் எழுதப்பட்டது. கால வரிசை என்றால் பூவாவுக்கு முப்பத்து மூன்று வருடம் முன்பே அது வந்திருக்க வேண்டும். அது மட்டும் ஏன் கடைசியில்? ஐந்தாவது அலகு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட் என்று நேரம் போய்விடும்; கடைசி இரண்டு வகுப்பில் வேகமாக ஓட்டி முடிப்பார்கள். எங்கள் பேராசிரியர் நல்லவர், சனிக்கிழமை கூடுதல் வகுப்பு வைத்து அதை ஒழுங்காக நடத்தினார். அப்படி நடத்தியிருக்காவிட்டால் இந்தத் தாளிலிருந்து எனக்குக் கிடைத்ததில் பாதி கிடைத்திருக்காது.

அந்தக் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்ற மானுடவியலாளரின் கருத்தரங்கில் அம்பேத்கர் இதை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் அடிப்படை தீட்டும் இல்லை, தொழிலும் இல்லை, அகமணம்தான் என்கிறார். சரி, ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ளத் தீர்மானிக்கிறது. அதற்கு அந்தக் கூட்டத்தில் மணவயதில் இருக்கும் ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் இறப்பதில்லை. கணவன் இறந்தால் ஒரு பெண் உபரி. அவள் கூட்டத்துக்கு வெளியே ஒருவனை மணந்தால் வேலி உடைந்தது. உள்ளேயே மணந்தால் இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய ஆணை எடுத்துக்கொள்கிறாள். என்ன செய்வது? ஒன்று, கணவனோடு எரித்துவிடுவது. இல்லையென்றால், யாரும் விரும்பாத நிலையில் அவளை வைத்துவிடுவது. மனைவி இறந்த ஆணும் உபரிதான். ஆனால் அவன் ஆண், அவனை எரிக்க முடியாது. துறவியாக இரு என்றால் இருக்கமாட்டான். அதனால் இன்னும் மணவயது வராத சிறுமிகளிலிருந்து ஒருத்தியை எடுத்து அவனுக்குக் கொடுப்பது. உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தைமணம் மூன்றும் தனித்தனிக் கொடுமைகள் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்தோம். மூன்றும் ஒரே கணக்கை நேர்செய்யும் வழிகள் என்று அவர் காட்டுகிறார்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் பள்ளிபாளையம். அப்பா அம்மா இருவரும் விசைத்தறிக் கூலி. பகல் ஷிப்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அம்மா முழுவதையும் கேட்டார். அப்புறம், “உங்க அம்மாயி கல்யாணப் பந்தலுக்குள்ள வந்து நான் பாத்ததே இல்ல சாமி. சமையக்கட்டுலயே இருந்துக்குவா,” என்றார். அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கணவர் இறந்தபோது கையில் இரண்டு குழந்தைகள், வயது முப்பதுகூட இல்லை. அதே வளவில் மனைவியை இழந்த ஒருவருக்கு வருடம் திரும்புவதற்குள் பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டி வைத்தார்களாம். “அந்தப் புள்ள எங்கூடப் படிச்சவ,” என்றார் அம்மா. அந்தக் கட்டுரையில் உள்ள மூன்று வழிகளில் இரண்டு எங்கள் வளவிலேயே, நான் பெயர் சொல்லக்கூடிய மனிதர்களாக இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி என்ன கூட்டம், அதாவது சாதிக்குள் எந்தக் குலம், என்பது. ஒரே கூட்டம் என்றால் பங்காளி முறை, கட்டக்கூடாது. அடுத்தது சாதி, அதைத் தாண்டியும் கட்டக்கூடாது. புறமணம் இருந்த இடத்தின் மேல் அகமணத்தைப் போர்த்தியபோதுதான் சாதி பிறந்தது என்று அம்பேத்கர் சொல்வதைப் புரிந்துகொள்ள எனக்கு உரை எதுவும் தேவைப்படவில்லை. தரகர் மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் நோட்டைப் பிரித்து வைத்துப் பேசும் பேச்சு அதுதான்.

இதைப் படித்த பிறகு ரூபினுக்குத் திரும்பிப் போனேன். அவரும் மானுடவியலிலிருந்துதான் வருகிறார். ஆண்கள் பெண்களைப் பரிமாறிக்கொள்வதன் மூலம் உறவுமுறைகள் உருவாகின்றன என்ற மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸின் கருத்தை எடுத்து, அப்படியென்றால் பெண் என்பவள் பரிமாறப்படும் பொருளாக எப்படி ஆக்கப்படுகிறாள் என்று கேட்கிறார். ஆண்-பெண் ஈர்ப்பு மட்டும்தான் இயற்கை என்ற கட்டாயமும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் அவர் கேட்பது பெண் எப்படிக் கைமாறுகிறாள் என்று. எந்த எல்லைக்குள் மட்டும் கைமாறலாம் என்பதைக் கேட்டவர் அம்பேத்கர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் எங்கள் ஊர் முழுதாகத் தெரிகிறது.

ரூபின் 1984-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். சமூகம் எந்த உறவை நல்லது என்கிறது, எதைக் கெட்டது என்கிறது என்பதை இரண்டு வட்டங்களாக வரைந்து காட்டுவார். உள்வட்டத்தில் ஆண்-பெண் உறவு, திருமணம், ஒருவனுக்கு ஒருத்தி, குழந்தை பெறுவது, ஒத்த வயது, நான்கு சுவருக்குள். வெளிவட்டத்தில் இவற்றுக்கு எதிரானவை எல்லாம். பேராசிரியர் அதைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, உள்வட்டத்தில் நமக்கு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சில், பெரும்பாலும் பேசாத ஒரு பையன், “சொந்த சாதி, மேடம்,” என்றான். அவர் சாக்பீஸை அவனிடம் நீட்டினார். அவன் வந்து எழுதினான். அன்று மதியம்வரை அந்தப் பலகையை யாரும் அழிக்கவில்லை.

அந்தப் பையன் உடுமலைப்பேட்டைப் பக்கம். 2016 மார்ச் 13 அன்று அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், பொறியியல் மாணவர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யா படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். கௌசல்யா செய்தது தலித் இளைஞர் ஒருவரைக் காதலித்து மணந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டு டிவியில் அந்தக் காட்சி வந்ததும் அப்பா சேனலை மாற்றியது ஞாபகம் இருக்கிறது.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரை ஒருவர் விரும்புகிறவர்கள், சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரு வீட்டாரும் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்த ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவில், இருவரும் வயதுவந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார்; ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்கும் தடை போட்டார். இதை வகுப்பில் விவாதித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: சாதி மாறிக் காதலித்து ஓடும் ஜோடிக்கும் இந்த இரண்டு பெண்களுக்கும் வீட்டார் பயன்படுத்தும் ஆயுதம் ஒன்றுதான். காணவில்லை என்ற புகார், ஸ்டேஷன், பேச்சுவார்த்தை, பெற்றோரிடம் ஒப்படைப்பு. ஒரே வேலிதான் இரண்டு பக்கமும் ஓடுகிறது. தன்பால் ஈர்ப்பு நகரத்துப் பிரச்சினை, ஆணவக்கொலை கிராமத்துப் பிரச்சினை என்று பிரித்துப் பேசுவது எனக்கு இப்போதெல்லாம் பொறுக்க முடிவதில்லை.

ஃபூக்கோவைப் பலர் பயந்து தவிர்க்கிறார்கள். தவிர்க்க வேண்டாம். பழைய காலம் பாலியல்பை அடக்கி ஊமையாக்கியது, நாம் இப்போது விடுதலையாகிறோம் என்ற கதையை அவர் ஏற்பதில்லை. அடக்கியதாகச் சொல்லப்படும் நூற்றாண்டுகளில்தான் அதைப் பற்றிய பேச்சு பெருகியது என்கிறார்: பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில், மருத்துவர் அறையில், சட்டத்தில். அவர் தரும் ஓர் உதாரணத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 18-ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளைப் பாருங்கள் என்கிறார். அங்கே யாரும் பாலியல்பைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று தோன்றும். ஆனால் வகுப்பறையின் அளவு, மேசைகளின் வடிவம், படுக்கைக் கூடத்தில் தடுப்பு உண்டா, திரை உண்டா, தூங்கும் நேரத்தை யார் கண்காணிப்பது, இவை எல்லாமே ஓயாமல் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. என் தனி மாடிப்படிக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் புரிந்தது. என் பெரியம்மா மகள், அக்கா, பத்தாவது முடித்ததும் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள். மூன்று வருட ஒப்பந்தம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட மில்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ‘சுமங்கலித் திட்டம்’ என்றால் தெரிந்திருக்கும். கல்யாணமாகாத பெண்கள் மட்டும். மில் வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல். மாதம் ஒரு சிறு தொகை, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போன். வார்டன் பக்கத்தில் நிற்பார். கடைக்குப் போவதென்றால் எல்லோரும் வரிசையாக வேனில் ஏறி, வரிசையாக இறங்கி, திரும்பி வர வேண்டும். பெரியம்மா அதைத்தான் பெருமையாகச் சொல்வார்: “கதவைத் தாண்ட உடமாட்டாங்க, பயமே இல்ல.” வரதட்சணைக்கான பணமும் அந்த வரதட்சணையோடு போகப்போகும் பெண்ணின் ‘நல்ல பெயரும்’ ஒரே வளாகத்தில், ஒரே ஷிப்டில் தயாராகின்றன. மில்லுக்கு மலிவான உழைப்பு, சாதிக்கு வேலி தாண்டாத பெண். மேல்நாட்டுக் கோட்பாட்டில் இதற்கு நேரடியாக விடை கிடைக்காது. ஆனால் படுக்கைக் கூடத்தின் தடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கோட்பாடுதான்.

பட்லரிடம் வருகிறேன். பாலினம் நமக்குள் ஏற்கெனவே இருந்து வெளிப்படுவது கிடையாது. திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால்தான் அது இருப்பதாக ஆகிறது என்பது அவர் சொல்வது. வகுப்பில் உடனே, அப்படியென்றால் கூத்தில் பெண் வேடம் கட்டுவது மாதிரியா என்று கேள்வி வந்தது. இந்தக் குழப்பம் உலகம் முழுக்க உண்டு. அவரே 1993-ல் எழுதிய அடுத்த புத்தகத்தில் இதற்குப் பதில் சொல்கிறார். காலையில் எழுந்து அலமாரியைத் திறந்து, இன்று எந்தப் பாலினம் உடுத்தலாம் என்று தேர்ந்தெடுக்கும் விஷயம் இல்லை அது. வேடத்துக்கு முன்னால், வேடத்துக்குப் பின்னால், அதைக் கட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். பட்லர் கேட்பது அந்த ஆள் எப்படி உருவானார் என்று.

எனக்கு இது கொடுமுடி சுந்தராம்பாளால்தான் பிடிபட்டது. கே.பி.எஸ். எங்கள் காவிரிக் கரைக்காரர். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு நாடகங்களில் பாடி நடித்தார், அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்துதான். வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் ‘பக்த நந்தனார்’ படம் வந்தபோது, லட்ச ரூபாய் சம்பளத்துக்கு, நந்தனாராகவே நடித்தார். ஒரு விதவை, ஆணாக, அதுவும் கோயிலுக்குள் விடப்படாத சாதியைச் சேர்ந்த ஆணாக. படப்பிடிப்பு முடிந்ததும் நந்தனார் வேடத்தைக் கலைத்துவிடலாம். வெள்ளைப் புடவை 1980-ல் அவர் இறக்கும்வரை இருந்தது. அதை அவர் தன் காதலுக்காகத் தானே எடுத்துக்கொண்டார், அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண் துக்கத்தைச் சொல்ல நினைக்கும்போது, அவருக்கு முன் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் உடுத்தி உடுத்தித் தயாராக வைத்திருந்த வடிவம் அதுதானே? மனைவியை இழந்த ஆணுக்கு அப்படி ஒரு துணி யாரும் நெய்து வைக்கவில்லை. பட்லர் சொல்லும் திரும்பத் திரும்பச் செய்தல் வெள்ளைப் புடவையில் இருக்கிறது, நந்தனார் வேடத்தில் இல்லை. இதைத் தேர்விலும் எழுதினேன்.

பிறந்ததும் ‘பெண் குழந்தை’ என்று அறிவிக்கும் நொடியிலிருந்தே அந்தக் குழந்தையைப் பெண்ணாக்கும் வேலை தொடங்கிவிடுகிறது என்றும் பட்லர் எழுதுகிறார். எங்கள் நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவிப்பே சில வீடுகளில் குழந்தையின் முடிவாகவும் இருந்தது. பட்லரின் வரியை இங்கிருந்து படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. அப்படி அடைப்பது படிப்புக்குத் தடை என்று நான் நினைக்கவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊரிலிருந்து பாலம் தாண்டினால் ஈரோடு. அங்கே பிறந்த பெரியார், கற்பு வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் வேண்டும் என்று எழுதினார். ஆண்மை என்ற கருத்து அழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் கர்ப்பத்தடை கேட்டபோது, பெண் சுயேச்சையாக இருப்பதற்காக அதைக் கேட்டார். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். பூவாவின் புத்தகம் வர அப்போது இன்னும் இருபது வருடம் இருந்தது.

படிக்கிற முறை பற்றிக் கேட்டவர்களுக்கு: தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்த ஆங்கிலம் மலைப்பாக இருக்கும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் பட்லர் கடினம்தான். நாங்கள் சிலர் சாயங்காலம் துறை வராந்தாவில் உட்கார்ந்து, ஒருவர் ஒரு பத்தியைப் படிக்க, இன்னொருவர் அதைத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் மறுக்க, அப்படித்தான் படித்தோம். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்ப முதலிலிருந்து. பெண்கள் ஹாஸ்டலில் ஆறரைக்குள் உள்ளே போக வேண்டும், பையன்களுக்கு அப்படி இல்லை. அதனால் எங்கள் பாதி விவாதம் எப்போதும் நடுவில் அறுந்தது. இதை எழுத்தில் துறைக்குக் கொடுத்திருக்கிறோம். கூடவே, சிலபஸில் அம்பேத்கரை முதல் அலகுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். மாற்றுவார்களா என்பது கல்விக்குழு கூடும்போது தெரியும். அதுவரை நீங்களாகவே அவரை முதலில் படித்துவிடுங்கள். சிறிய கட்டுரைதான், ஜெராக்ஸ் கடையில் எங்கள் பிரதி இருக்கிறது.

வீட்டில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. என் அப்பாவிடம் நான் இன்னும் இதைப் பேசவில்லை. அம்மாவிடம் பேச முடிகிறது. நான்காம் செமஸ்டர் ஆய்வேட்டுக்கு மில் ஹாஸ்டல்களை எடுத்துக்கொள்கிறேன் என்றதும், அக்காவோடு வேலை பார்த்த மூன்று பேரின் வீட்டை அம்மாதான் விசாரித்துச் சொன்னார். அவர்களில் ஒருவர் பேசச் சம்மதித்திருக்கிறார். பெயரும் ஊரும் மில்லும் எங்கும் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.